முதலீட்டுக்குச் சொத்து வாங்குபவர் ஏஜென்ட்டோடு வேலை செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

குடியிருக்க வீடு வாங்குபவருக்கும் ஏஜென்ட்டுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒரே தடவையோடு முடிந்துவிடும். வீடு பிடித்தது, விலை படிந்தது, பதிவு முடிந்தது, கமிஷன் கைமாறியது. அதன் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் தேட வேண்டிய அவசியமில்லை. முதலீட்டாளருக்கு அப்படி இல்லை. அடுத்த சொத்து, அதற்கடுத்த சொத்து என்று போகும்போது அதே வட்டாரத்தில் அதே ஆட்களிடம்தான் திரும்பத் திரும்பப் போய் நிற்க வேண்டும். நல்ல சொத்து ஒன்று விலைக்கு வரும்போது ஏஜென்ட் முதல் போனை யாருக்குப் போடுகிறார் என்பதில்தான் பாதி லாபம் இருக்கிறது.

அந்த முதல் போன் உங்களுக்கு வர வேண்டுமானால் இரண்டு பழக்கங்கள் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏஜென்ட்டின் நேரத்தை மதிக்க வேண்டும். அவர் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாரக்கணக்கில் அவரை அலைய விட்டு நேரத்தை வீணாக்குவார்கள். கடைசியில் அவர் சொன்ன வாடகைக் கணக்கை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடுவார்கள்.

படி 1: அவருக்குப் பணம் எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஏஜென்ட்டின் வருமானம் டீல் முடிந்தால்தான். பத்து வீடு காட்டி ஒன்பதில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்த ஒன்பதுக்கான பெட்ரோலும் நேரமும் அவர் கைக்காசு. இதை மனதில் வைத்தால் அவருடைய அவசரம், நச்சரிப்பு, சில சமயம் உங்கள் போனை எடுக்காமல் இருப்பது எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சொத்தின் விலை 10,00,000. எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டின் பங்கு 2 சதவீதம் என்றால் அவருக்கு 20,000. நன்றாகப் பேரம் பேசி விலையை 80,000 இறக்கினால் உங்களுக்கு 80,000 மிச்சம். அவருக்கோ 1,600 நஷ்டம். நீங்கள் வாங்கும் பக்கம் இருந்தாலும், விற்கும் பக்கம் இருந்தாலும், விலையில் உங்களுக்கு உள்ள அக்கறையில் மிகச் சிறிய பங்குதான் அவருக்கு இருக்கிறது. அவருக்கு முக்கியம் டீல் முடிவதும், சீக்கிரம் முடிவதும்.

இது வெறும் யூகம் இல்லை. பொருளாதார நிபுணர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் இருவரும் சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அந்த விற்பனைகளில் சுமார் 3,300 வீடுகள் ஏஜென்ட்டுகளின் சொந்த வீடுகள். ஒத்த வீடுகளோடு ஒப்பிட்டால், ஏஜென்ட்டுகள் தங்கள் வீட்டை விற்கும்போது 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருந்தார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. தன் பணம் என்றால் காத்திருக்கிறோம், அடுத்தவர் பணம் என்றால் முடித்துவிடப் பார்க்கிறோம். கமிஷன் அமைப்பே அப்படி நடக்க வைக்கிறது.

ஆகவே, "இதுதான் கடைசி விலை, இதற்குக் கீழே வராது" என்று ஏஜென்ட் சொல்வதை ஒரு கருத்தாக மட்டும் கேளுங்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள்.

படி 2: அவர் யாருடைய ஆள் என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள்

உங்களுக்கு வீட்டைத் திறந்து காட்டி, அன்பாகப் பேசி, காரில் கூட்டிப் போகிறார் என்பதாலேயே அவர் உங்கள் ஏஜென்ட் ஆகிவிட மாட்டார். பிரிட்டன் போன்ற இடங்களில் எஸ்டேட் ஏஜென்ட் என்றால் வழக்கமாக விற்பவரின் ஆள். விற்பவருக்கு நல்ல விலை வாங்கித் தருவது அவர் கடமை. அவரிடம், "12 லட்சம் வரைக்கும் போவேன், ஆனால் 10க்குப் பேசிப் பாருங்கள்" என்று சொன்னால் பேரம் அங்கேயே முடிந்துவிட்டது.

இரண்டு பக்கமும் ஒரே ஆள் நிற்பது இன்னும் சிக்கல். சிங்கப்பூரில் ஒரே பரிவர்த்தனையில் இரு தரப்புக்கும் ஒரே ஏஜென்ட் செயல்படத் தடை இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2018 ஜூன் முதல், சில விதிவிலக்குகள் தவிர, இதைத் தடுத்துவிட்டது. அமெரிக்காவில் புளோரிடா, கொலராடோ போன்ற மாநிலங்களில் அனுமதி இல்லை. வேறு பல மாநிலங்களில் இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் நடக்கும். எங்கே அனுமதி இருந்தாலும் சரி, இரு பக்கக் கமிஷனும் ஒரே பையில் போகிற டீலில் அவர் உங்களுக்காகக் கறாராகப் பேரம் பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படிப்பட்ட டீலில் விலையை நீங்களே பேசுங்கள். பத்திரங்களைப் பார்க்கச் சொந்த வழக்கறிஞரை வையுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த டீலில் உங்களுக்குக் கமிஷன் தருவது யார்? எவ்வளவு? இந்தச் சொத்திலோ விற்பவரோடோ உங்களுக்கு வேறு சம்பந்தம் உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பிரிட்டனின் 1979ஆம் ஆண்டு எஸ்டேட் ஏஜென்ட்டுகள் சட்டத்தில், தனக்குச் சொந்த நலன் இருந்தால் ஏஜென்ட் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று தனிப் பிரிவே இருக்கிறது. நேர்மையானவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

கட்டுமான நிறுவனத்தின் புதுத் திட்டங்களை ஏஜென்ட் விற்கும்போது இவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். பழைய வீட்டை விற்றால் கிடைப்பதைவிடப் புதுத் திட்டத்தில் ஏஜென்ட்டுக்குக் கூடுதல் கமிஷன் கிடைப்பது உண்டு. "இரண்டு வருடத்துக்கு உத்தரவாத வாடகை" என்று விளம்பரம் வந்தால், அந்த வாடகைப் பணம் பெரும்பாலும் விலையிலேயே ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். பக்கத்துக் கட்டடத்தில் உத்தரவாதம் இல்லாமல் எவ்வளவு வாடகை போகிறது என்று பாருங்கள்.

படி 3: உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

"நல்லதா ஏதாவது வந்தா சொல்லுங்க" என்று சொல்லும் பார்ட்டிகள் ஏஜென்ட்டின் போனில் நூறு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவராக ஆகாமல் இருக்க, ஏஜென்ட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே உங்கள் தேவை எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

"வேண்டியது: இரண்டு படுக்கையறை, 15 வருடத்துக்கு மேற்படாத கட்டடம். ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரம். விலை 8 முதல் 11 லட்சம். செலவெல்லாம் போகக் கையில் நிற்கும் வாடகை, மொத்த அடக்கத்தில் வருடத்துக்கு 5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பெயின்ட், சமையலறை, குளியலறை வேலை இருந்தால் பரவாயில்லை. அஸ்திவாரக் கோளாறு, கூரை ஒழுகல், உரிமை வழக்கு எது இருந்தாலும் வேண்டாம். வாடகைக்கு ஆள் இருக்கும் வீடு என்றாலும் பார்க்கிறேன். ஒப்பந்த நகல் வேண்டும். கடனுக்கு வங்கி தந்த முன் ஒப்புதல் கடிதம் கையில் இருக்கிறது. சொத்து பொருந்தினால் இரண்டு நாளில் பதில் சொல்வேன்."

இந்தக் குறிப்பில் அதிகம் வேலை செய்யும் வரிகள் இரண்டு. ஒன்று, எது வேண்டாம் என்பது. அது ஏஜென்ட்டின் அலைச்சலைக் குறைக்கிறது. மற்றொன்று, கடைசி வரியும் அதற்கு முந்தைய வரியும் சேர்ந்து சொல்வது: பணம் தயார், முடிவும் தாமதிக்காது. வங்கிக் கடிதம் உண்மையாகவே கையில் இல்லாமல் அந்த வரியை எழுதக் கூடாது. முதலீட்டாளர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பணம் தயாராக இல்லாதவர்களை ஏஜென்ட்டுகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

விலை வரம்பை எழுதுவதும் உச்ச விலையைச் சொல்வதும் ஒன்றல்ல. வரம்பு என்பது எந்த மாதிரிச் சொத்துகளைக் காட்ட வேண்டும் என்பதற்கு. ஒரு குறிப்பிட்ட சொத்துக்கு எவ்வளவு வரை போவீர்கள் என்பது, அவர் ஒப்பந்தப்படி உங்கள் ஏஜென்ட்டாக இல்லாத வரை, உங்களோடு இருக்கட்டும்.

படி 4: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் பதிவு. பல நாடுகளில் இது சில நிமிட வேலை. இந்தியாவில் ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, பதிவு பெற்ற திட்டங்களில் உள்ள மனைகளையும் அடுக்ககங்களையும் விற்றுத் தரும் ஏஜென்ட் ரெரா ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் எஸ்டேட் ஏஜென்சிகள் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் எஸ்டேட் ஏஜென்ட்டுகள் அங்கீகரிக்கப்பட்ட குறைதீர்ப்பு அமைப்பு ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். பதிவு இருப்பதால் ஆள் திறமைசாலி என்று அர்த்தமில்லை. ஆனால் தகராறு வந்தால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது.

அடுத்தது, அவருக்கு முதலீட்டுச் சொத்து தெரியுமா என்பது. குடும்பங்களுக்கு அழகான வீடு பிடித்துக் கொடுப்பதில் கெட்டிக்காரராக இருக்கும் பலருக்கு வாடகைச் சந்தை தெரியாது. சூரிய ஒளி எப்படி விழுகிறது, சமையலறைக் கல் என்ன கல் என்பதையே பேசிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியவர், கேட்ட மாத்திரத்தில், "இந்தத் தெருவில் இரண்டு படுக்கையறை இவ்வளவுக்குப் போகிறது, காலியானால் மூன்று வாரத்தில் ஆள் வந்துவிடும், ஆனால் மூன்றாவது மாடிக்கு மேலே லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் கஷ்டம்" என்று சொல்லக்கூடியவர்.

அதைக் கண்டுபிடிக்க, கடந்த ஆறு மாதத்தில் முதலீட்டாளர் ஒருவருக்கு முடித்துக் கொடுத்த சொத்து பற்றிக் கேளுங்கள். யார் என்று சொல்ல வேண்டாம். என்ன சொத்து, கேட்ட விலை என்ன, முடிந்த விலை என்ன, இப்போது வாடகை எவ்வளவு. பிறகு இன்னொரு கேள்வி: "இந்த வட்டாரத்தில் எதை வாங்க வேண்டாம் என்று எனக்குச் சொல்வீர்கள்?" இந்தக் கேள்விக்கு வரும் பதிலை நான் மற்ற எல்லாவற்றையும்விட மதிக்கிறேன். "எல்லாமே நல்ல ஏரியாதான் சார்" என்றால் அவருக்கு ஏரியா தெரியாது, அல்லது சொல்ல மனமில்லை. குறிப்பிட்ட ஒரு கட்டடத்தைச் சொல்லி, தண்ணீர்ப் பிரச்சினையோ சங்கத்துக்குள் சண்டையோ என்று காரணமும் சொல்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்பவர்களின் இனம், மதம் பற்றிக் கேட்காதீர்கள். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ், அந்த அடிப்படையில் ஏஜென்ட் உங்களை ஒரு வட்டாரத்தை நோக்கித் தள்ளிவிடுவது சட்டவிரோதம். சட்டம் இல்லாத இடத்திலும் அது தவறான கேள்வி. முதலீட்டுக் கணக்குக்கும் உதவாது. வாடகை, காலியிருக்கும் நாள், பாக்கி நிற்கும் விகிதம் ஆகியவைதான் கேட்க வேண்டியவை.

எத்தனை பேர்? எல்லாச் சொத்தும் பொதுப் பட்டியலில் ஏறும் சந்தையில் ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் போதும். பொதுப் பட்டியல் இல்லாமல், ஒவ்வொரு தரகரும் தன் கையில் உள்ளதை மட்டும் காட்டும் சந்தையில் இரண்டு மூன்று பேரோடு பழக வேண்டியிருக்கும். அப்படிப் பழகினால் ஒளித்து வைக்காதீர்கள். இன்னாரோடும் பேசுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது: ஒரே சொத்தை இரண்டு ஏஜென்ட் மூலம் பேசக் கூடாது. முதலில் காட்டியவர் யாரோ அவர் வழியாகத்தான் அந்தச் சொத்து. இதற்காக ஒரு நோட்டு போட்டு, சொத்து, தேதி, சொன்னவர் பெயர் மூன்றையும் குறித்து வையுங்கள். டீல் முடிந்த பிறகு இருவர் வந்து கமிஷன் கேட்டு நிற்கும் சண்டையில் பணமும் போகும், பேரும் போகும்.

படி 5: எழுத்தில் வாங்குங்கள்

அமெரிக்காவின் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் அமைப்பு, கமிஷன் வழக்குகளில் 41.8 கோடி டாலர் தருவதாக 2024 மார்ச்சில் சமரசத்துக்கு வந்தது. அதன்படி 2024 ஆகஸ்ட் 17 முதல், பொதுப் பட்டியலைப் பயன்படுத்தும் ஏஜென்ட் வாங்குபவரை வீடு பார்க்கக் கூட்டிப் போவதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். கமிஷன் எவ்வளவு என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொள்வது நல்லது. நீண்ட பத்திரம் தேவையில்லை. ஒரு மின்னஞ்சலில் இத்தனை இருந்தால் போதும்: கமிஷன் எத்தனை சதவீதம் அல்லது எவ்வளவு தொகை, வரி உட்பட்டதா, எந்தக் கட்டத்தில் தர வேண்டும், டீல் பாதியில் முறிந்தால் என்ன, விற்பவர் பக்கமிருந்தும் அவருக்கு ஏதாவது வருகிறதா, இந்த ஏற்பாடு எத்தனை மாதத்துக்கு.

கமிஷனைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாமா? தொடக்கத்தில் பேசலாம். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும் நாளில், "இவ்வளவுதான் தர முடியும்" என்று கழுத்தைப் பிடிப்பது கேவலம். அந்த ஏஜென்ட்டிடமிருந்து மட்டுமல்ல, அவர் யாரிடமெல்லாம் சொல்வாரோ அவர்களிடமிருந்தும் அடுத்த போன் வராது. அரை சதவீதத்தைப் பிடுங்குவதைவிட அமைப்பை மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம் என்பேன். சதவீதத்துக்குப் பதில் நிலையான தொகை பேசினால், விலை ஏறினால் அவருக்கு லாபம் என்ற நிலை போய்விடுகிறது. விலை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே முடிந்தால் கூடுதல் தொகை என்றும் பேசலாம். முதல் படியில் பார்த்த 1,600 நஷ்டம் அப்போது லாபமாக மாறும். சட்டம் இடம் கொடுக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாதவருக்குக் கமிஷன் தருவது பல இடங்களில் சட்டவிரோதம்.

படி 6: வந்த சொத்துக்கு உடனே பதில் சொல்லுங்கள்

ஏஜென்ட் ஒரு சொத்தை அனுப்பினால் 24 மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும். "வேண்டாம்" என்பதும் பதில்தான், காரணத்தோடு வந்தால். "பார்த்தேன். கட்டடப் பராமரிப்புக் கட்டணம் அதிகம், கணக்குப் போட்டால் 3.8 சதவீதம்தான் வருகிறது. இதே கட்டடம் வேண்டாம். பக்கத்துத் தெருவில் வந்தால் அனுப்புங்கள்." இப்படி நாலைந்து பதில் போனால் உங்கள் கணக்கு அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். பொருந்தாததை அவரே தள்ளிவிடுவார். பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தால் நாலாவது சொத்துக்குப் பிறகு அனுப்புவதையே நிறுத்திவிடுவார். அதைச் சொல்லவும் மாட்டார்.

கணக்கு பொருந்தாத சொத்தை நேரில் பார்க்கப் போகாதீர்கள். "சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாமே" என்பது குடியிருக்க வாங்குபவருக்குச் சரி. பார்க்கப் போகிறோம் என்று நேரம் சொன்னால் அந்த நேரத்துக்கு அங்கே இருங்கள்.

"இது இன்னும் வெளியே வரவில்லை, உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்" என்ற பேச்சும் வரும். உண்மையாகவே அப்படி வரும் சொத்து உண்டு. விற்பவருக்குச் சத்தமில்லாமல் முடிய வேண்டும், ஏஜென்ட்டுக்கு உறுதியாக முடிக்கும் ஆள் வேண்டும். ஆனால் வெளியே வராதது என்பதால் மலிவு என்று ஆகிவிடாது. போட்டி இல்லாத இடத்தில் விலையைச் சோதித்துப் பார்க்கும் விற்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் அதே கணக்குதான்.

படி 7: கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்

முதல் படியில் சொன்ன அதே 10,00,000 சொத்தை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 6,000. ஏஜென்ட் சொல்வது: "வருடத்துக்கு 72,000, 7.2 சதவீதம் ரிட்டர்ன்." பொய் இல்லை. மொத்த வாடகையை விலையால் வகுத்தால் 7.2தான். ஆனால் உங்கள் கையில் நிற்பது அது இல்லை.

வருடத்தில் ஒரு மாதம் காலி என்று வையுங்கள்: 6,000 போனால் 66,000. சொத்து வரி, காப்பீடு 5,000. கட்டடப் பராமரிப்புக் கட்டணம் 4,000. ரிப்பேருக்கு ஒதுக்குவது 6,000. மீதி 51,000. இனி அடக்கம்: விலை 10,00,000, பதிவு, வழக்கறிஞர், கமிஷன் எல்லாம் சேர்த்துத் தோராயமாக 50,000, உள்ளே போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை 50,000. மொத்தம் 11,00,000. இப்போது 51,000ஐ 11,00,000ஆல் வகுத்தால் 4.6 சதவீதம்.

7.2க்கும் 4.6க்கும் நடுவில்தான் பலருடைய முதலீடு மூழ்குகிறது. கடன் வாங்கி வாங்குகிறவர் கூடுதலாக யோசிக்க வேண்டும். வட்டி 6 சதவீதம், சொத்து தருவது 4.6 என்றால் கடனில் வாங்கிய பங்கு மாதாமாதம் உங்கள் கையைக் கடிக்கும். விலை ஏறும் என்ற நம்பிக்கை மட்டும்தான் அதைத் தாங்குகிறது.

உங்களுக்கு 5 சதவீதம் வேண்டுமென்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 51,000 என்பது 5 சதவீதம் ஆக வேண்டுமானால் மொத்த அடக்கம் 10,20,000ஐத் தாண்டக் கூடாது. செலவு 1,00,000ஐக் கழித்தால் 9,20,000. இதுதான் இந்தச் சொத்துக்கு உங்கள் உச்ச விலை. பேச்சு தொடங்குவதற்கு முன்பே இது முடிவாகியிருக்க வேண்டும். பேச்சுச் சூட்டில் மாறக் கூடாது.

கணக்கில் போடும் எண்களுக்கு ஆதாரம் கேளுங்கள். வாடகைக்கு ஆள் இருந்தால் ஒப்பந்த நகலும் பணம் வந்த வங்கிப் பதிவும். காலி என்றால் அதே கட்டடத்தில், அதே தெருவில் இப்போது என்ன போகிறது என்று வாடகைக்கு வீடு விடும் வேறொரு ஏஜென்ட்டிடம் கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்டால் கூடுதலாகத்தான் வரும். விலைக்கு ஒப்பிடும்போது விற்று முடிந்த விலையைப் பாருங்கள். விளம்பரத்தில் உள்ள விலை விற்பவரின் ஆசை.

படி 8: விலை பேசுவது

கேட்ட விலைக்குப் பாதியை எல்லாச் சொத்துக்கும் எழுதி அனுப்பு, பத்தில் ஒன்று சிக்கும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். அந்த அடிமாட்டு விலையை எடுத்துக்கொண்டு விற்பவரிடம் போய் நிற்பவர் உங்கள் ஏஜென்ட். எதிர்ப்பக்க ஏஜென்ட்டோடு அவர் வருடக்கணக்காகத் தொழில் செய்ய வேண்டும். இரண்டு தடவை முகம் தொங்கினால் மூன்றாவது தடவை உங்கள் விலையை மனமில்லாமல்தான் சொல்வார்.

குறைவாகக் கேளுங்கள், காரணத்தோடு கேளுங்கள். மேலே பார்த்த சொத்துக்கு 8,80,000 என்று தொடங்கலாம். ஏஜென்ட்டுக்கு எழுதும்போது அதே தெருவில் விற்ற இரண்டு வீடுகளின் விலை, செய்ய வேண்டிய வேலையின் செலவுக் குறிப்பு, வாடகைக் கணக்கு மூன்றையும் இணையுங்கள். அவர் அதைக் காட்டிப் பேசலாம்; அவர் கௌரவமும் நிற்கும்.

விலையைத் தவிர வேறு என்ன கொடுக்க முடியும் என்றும் பாருங்கள். "விற்பவருக்கு எது முக்கியம்?" என்று ஏஜென்ட்டைக் கேட்டுவரச் சொல்லுங்கள். சிலருக்குச் சீக்கிரம் முடிய வேண்டும். சிலருக்குப் புது வீடு கிடைக்கும் வரை மூன்று மாதம் அங்கேயே இருக்க வேண்டும். குடியிருப்பவரைக் காலி செய்யாமல் அப்படியே வாங்கிக்கொண்டால் போதும் என்பார் ஒருவர். முதலீட்டாளரான உங்களுக்கு இவற்றில் பல எளிது, குடும்பத்தோடு குடிவரப் போகிறவருக்குக் கஷ்டம். 40,000 வித்தியாசத்தை இப்படி ஒரு வசதி அடைத்துவிடும் டீல்கள் நிறைய உண்டு.

9,20,000க்கு மேல் போனால் விட்டுவிடுங்கள், மரியாதையாக. "என் கணக்கு இதற்குமேல் இடம் கொடுக்கவில்லை. விலை இறங்கினால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்." இப்படி விட்ட சொத்து சில வாரம் கழித்துத் திரும்பி வருவது அபூர்வம் இல்லை. ஒப்புக்கொண்ட பிறகு காரணமில்லாமல் விலையைக் குறைப்பது மட்டும் வேண்டாம். ஆய்வில் புதிதாகக் கோளாறு தெரிந்தால் பேசலாம், அது நியாயம்.

படி 9: சரிபார்ப்பும் பணமும்

வழக்கறிஞரையும் கட்டட ஆய்வாளரையும் நீங்களே தேடி வையுங்கள். ஏஜென்ட் சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த வேலையும் அதே ஏஜென்ட்டிடமிருந்துதான் வர வேண்டும் என்றால், டீலை முறிக்கும் கோளாற்றைச் சத்தமாகச் சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்கும். அமெரிக்காவில் வீட்டுக் கடன் சம்பந்தப்பட்ட பரிவர்த்தனைகளில் ஆள் அனுப்புவதற்காகக் கமிஷன் வாங்குவதை 1974ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதும் இந்தப் பிரச்சினையால்தான்.

பணம் ஒருபோதும் ஏஜென்ட்டின் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. அவருடைய கமிஷன் தவிர. டோக்கனோ அட்வான்ஸோ, விற்பவரின் கணக்குக்கு ரசீதோடு, அல்லது வழக்கறிஞர் வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் கணக்குக்கு, அல்லது சட்டம் சொல்லும் மூன்றாம் தரப்புக் கணக்குக்கு. சிங்கப்பூரில் வீடு விற்பனைப் பணத்தை ஏஜென்ட் தொடவே கூடாது என்று விதி இருக்கிறது. வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று கடைசி நேரத்தில் மின்னஞ்சல் வந்தால், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து குரல் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். மின்னஞ்சலில் புகுந்து பணத்தைத் திருப்பிவிடும் மோசடி சொத்துப் பரிவர்த்தனைகளைக் குறிவைத்தே நடக்கிறது.

படி 10: முடிந்த பிறகு, அல்லது முடியாதபோது

கமிஷனைச் சொன்ன நாளில் சொன்ன தொகையாகக் கொடுங்கள். ஒரு வருடம் கழித்து அந்தச் சொத்தின் உண்மைக் கணக்கை ஏஜென்ட்டுக்கு அனுப்புங்கள்: வாடகை எவ்வளவு போனது, எத்தனை நாள் காலி, ரிப்பேர் எவ்வளவு. பெரும்பாலான ஏஜென்ட்டுகளுக்கு, தாங்கள் விற்ற சொத்து பிறகு என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் எண்கள் அவருடைய அடுத்த மதிப்பீட்டைச் சரிசெய்யும். அதன் பலன் உங்களுக்கே வரும்.

சில உறவுகள் ஒத்துவராது. எழுதிக் கொடுத்த தேவைக்குச் சம்பந்தமில்லாத சொத்தையே மாதக்கணக்கில் அனுப்புகிறார், கேட்ட ஆதாரத்துக்குப் பிடி கொடுக்காமல் பேசுகிறார், "இன்றைக்கே அட்வான்ஸ் போடாவிட்டால் போய்விடும்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை என்றால் விலகிவிடுங்கள். இதில் ஒரு தடவை நடந்ததை மன்னிக்கலாம். ஆதாரத்தைத் திரித்துக் காட்டினார் என்றால் அந்த ஒரு தடவையே போதும்.

விலகுவதையும் எழுத்தில் செய்யுங்கள். இதுவரை அவர் அறிமுகப்படுத்திய சொத்துகளின் பட்டியலை அவரிடமே கேட்டு வாங்கி, உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். பல ஒப்பந்தங்களில் ஏற்பாடு முடிந்த பிறகும் சில மாதங்களுக்கு, அவர் காட்டிய சொத்தை வாங்கினால் கமிஷன் உண்டு என்று ஒரு விதி இருக்கும். அந்தக் காலத்துக்குள் பட்டியலில் உள்ள ஒன்றை வாங்கினால் கொடுத்துவிடுங்கள். பட்டியலில் இல்லாதவற்றுக்கு அடுத்த ஏஜென்ட்டோடு அன்றைக்கே பேச்சைத் தொடங்கலாம்.